கூப்பன், கழிவு, கேஷ்பேக்: ஆச்சி பதில்கள்

காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் நெடுங்காலம் கணக்கு எழுதியவர் ஆச்சி. வீட்டுச் சாமான் வாங்குவதில் எங்கே பணம் மிச்சமாகும், எங்கே மிச்சமானது போலத் தோன்றும் என்று சொல்கிறார். நகை, சீட்டு பற்றிக் கேட்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார்.

தேவகோட்டை வாசகி: 999 ரூபாய்க்கு மளிகை வாங்கினால் 100 ரூபாய் கழிவு என்று கூப்பன் வந்திருக்கிறது. பயன்படுத்தலாமா ஆச்சி?

உங்கள் பட்டியல் எவ்வளவுக்கு வருகிறது? 780 என்று வைத்துக்கொள்வோம். கூப்பனுக்காக இன்னும் 219 ரூபாய்க்குச் சாமான் எடுப்பீர்கள். கட்டுவது 899. ஆக, 100 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 119 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அந்த 219-க்கு எடுத்தது அடுத்த மாதமும் தேவைப்படும் துவரம்பருப்பு என்றால் சரி. வாசனை மெழுகுவர்த்தி என்றால் கூப்பனைக் கிழித்துப் போடுங்கள். பில்லை வாங்கி, கூப்பன் கழிந்திருக்கிறதா என்று கல்லாவிலேயே நின்று பாருங்கள்.

பள்ளத்தூர்: கேஷ்பேக் விழுந்திருக்கிறது, பின் எண் போட்டால் கணக்கில் ஏறும் என்று செய்தி வந்திருக்கிறது.

போடாதீர்கள். பின் எண் பணம் கொடுப்பதற்குத்தான். வாங்குவதற்குத் தேவையில்லை. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கோட்டையூர்: பெரிய பாக்கெட்தானே எப்போதும் லாபம்?

எப்போதும் இல்லை. ஷாம்புவில் பல பிராண்டுகளுக்குப் பாட்டிலைவிடச் சாஷேதான் மலிவு. பொட்டலத்தைத் திருப்பினால் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். அதை ஒப்பிடுங்கள். முன்னால் பெரிதாக இருக்கும் ‘20% கூடுதல்’ உங்களுக்காக அச்சடித்தது அல்ல.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆனது. அந்த வரிக்குறைப்பையே தன் தள்ளுபடி போல எழுதி மாட்டும் கடைக்காரரிடம், அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு குறைக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

காரைக்குடி: வட்டியில்லாத் தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கலாமா?

வட்டியில்லாக் கடன் என்று கேட்டால், பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த நம் அய்யாக்கள் சிரித்திருப்பார்கள். மொத்தப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தக் குறைப்புதான் வட்டி. சுழிய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. கிரெடிட் கார்டு தவணை என்றால் வட்டித் தொகைக்கு ஜிஎஸ்டியும் பரிசீலனைக் கட்டணமும் தனி.

கீழச்சிவல்பட்டி: எனக்கும் கேஷ்பேக் செய்தி வந்தது...

பள்ளத்தூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கானாடுகாத்தான்: பழைய பித்தளைக்குப் புதிய குக்கர், மிக்சி தரும் எக்ஸ்சேஞ்ச் மேளா நடக்கிறது. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் அண்டா, தவலை, உருளி எல்லாம் கிடக்கின்றன.

மகளே, நல்ல கேள்வி. முதலில், பழையது எதுவும் கொடுக்காமல் வாங்கினால் குக்கர் என்ன விலை என்று கேளுங்கள். பழைய சாமானைப் பற்றி மூச்சு விடாதீர்கள். விலையைப் பேசி முடித்த பிறகு பித்தளையை எடுங்கள். இல்லையென்றால் குக்கரின் கழிவைத்தான் உங்கள் பித்தளையின் விலை என்று காட்டுவார்கள்.

அடுத்தது எடை. தெரிந்த மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டு போங்கள். கைப்பிடியும் வளையமும் இரும்பு என்றால் காந்தம் ஒட்டும். அந்த எடையைக் கழிப்பது நியாயம். ஈயப்பூச்சுக்கு என்று கிலோக்கணக்கில் கழிப்பது நியாயமில்லை.

முக்கியமானது, உருளியைத் தட்டிப் பாருங்கள். ஓசை நீண்டு நின்றால் வெண்கலமாக இருக்கலாம். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தது பித்தளை. வெள்ளீயத்தின் விலையே வேறு. மேளாக்காரர் எல்லாவற்றையும் பித்தளை என்றே தராசில் ஏற்றுவார்.

புதுவயல்: யார் ஆச்சி புளி போட்டுத் தேய்ப்பது? மகன் சென்னையில் இரண்டு அறை ஃபிளாட்டில் இருக்கிறான். குக்கராவது உழைக்கும்.

கானாடுகாத்தான்: அப்பத்தா பெயர் வெட்டிய தவலையைக் குக்கருக்குக் கொடுப்பதா? சீர்வரிசையாக வந்த சாமான்!

புதுவயல்: பெயர் வெட்டியிருப்பதால் எலி கடிக்காதா? பத்தாயத்துக்குப் பின்னால்தானே கிடக்கிறது?

இருவரும் சற்றுப் பொறுங்கள். விற்பதா வைத்திருப்பதா என்பது உங்கள் குடும்ப வளவுக்குள் பங்காளிகள் கூடிப் பேச வேண்டிய விஷயம். நான் சொல்வது விலையை. எடைக்குப் போட்டால் உலோகத்தின் விலைதான் வரும். வேலைப்பாடும் பழமையும் உள்ளதை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இரண்டு மூன்றில் காட்டி, விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எனாமல் தூக்குவாளியைப் பழைய இரும்புக் கடைக்காரர் தொட மாட்டார். அந்தத் தெருவில் அதற்கு ஆள் உண்டு.

புதுவயல் அம்மா, அடிபட்டு ஓட்டை விழுந்த அண்டாவை நீங்கள் தாராளமாகப் போடலாம். அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை.

புதுவயல்: அதைத்தான் நானும் சொன்னேன்.

நீங்கள் எல்லாவற்றையும் போடச் சொன்னீர்கள்.

தேவகோட்டை: தீபாவளிக்குப் போர்வை, துண்டு எங்கே வாங்கலாம்?

கோ-ஆப்டெக்ஸ். 30 சதவீதத் தள்ளுபடி வரும்போது போங்கள்.

காரைக்குடி: தங்கத்துக்குச் செய்கூலித் தள்ளுபடி...

மேலே என்ன எழுதியிருக்கிறது?

ஆத்தங்குடி: பில் வேண்டாம் என்றால் மிக்சிக்கு இன்னும் 200 ரூபாய் குறைப்பதாகக் கடையில் சொல்கிறார்கள்.

பில் இல்லாத மிக்சிக்கு வாரண்டியை எதைக் காட்டிக் கேட்பீர்கள்? பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். பில்லை வாங்கியதும் படம் எடுத்து வையுங்கள். அந்த வழுவழுத் தாளில் எழுத்து மங்கிவிடும், வாரண்டி முடிவதற்கு முன்பே.