ஜெர்மன் விருந்தாளியின் பாஸ்போர்ட் திருட்டு: உடனே செய்ய வேண்டியவை

அண்ணாச்சி, குற்றாலம் ஐந்தருவியில் குளிக்கும்போது உங்க வீட்டில் தங்கியிருக்கிற ஜெர்மன்காரரோட பை களவு போச்சு, திருநெல்வேலி வந்த பிறகுதான் தெரிஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க. பாவம், திரும்பக் குற்றாலத்துக்கு அலைய விடாதீங்க. முதல்ல கார்டுகளை முடக்கச் சொல்லுங்க. பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலேயே ஜீரோ எஃப்ஐஆர், அதாவது சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய முதல் தகவல் அறிக்கை, கேளுங்க. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173-ஆம் பிரிவில் எல்லைத் தடை கிடையாது.

'தொலைந்தது'ன்னு எழுத விடாதீங்க, 'திருடு போனது'ன்னே இருக்கணும். பயணக் காப்பீடு அந்த ஒரு சொல்லில்தான் சிக்கும். பாஸ்போர்ட், விசா எண்களுக்கு, வெளிநாட்டு விருந்தாளி தங்குறதை அரசுக்குத் தெரிவிக்கிற படிவத்துக்காக நீங்க எடுத்து வெச்ச நகல் போதும்.

சென்னை ஜெர்மன் துணைத் தூதரகத்தில் தற்காலிக பாஸ்போர்ட் வாங்கலாம். அதை மட்டும் நம்பி விமான நிலையம் போனா இமிக்ரேஷனில் நிறுத்திடுவாங்க. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தோட இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில், நாட்டை விட்டுப் போக அனுமதிக்கிற எக்ஸிட் பர்மிட்டும் வாங்கியாகணும். மொழி தடுமாறினா சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1363-க்கு அடிங்க.