பழைய மாணவர் சங்கம் வேலை வாங்கித் தருமா?

தம்பி, கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் சேர்ந்தால் இங்கே வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வீடு, விசா பற்றியும். அந்த இரண்டும் அடிக்கடி மாறுகிற விஷயம், அரசு தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சங்கத்துக்கு வருகிறேன்.

கூடப் படித்தவர்களை நம்பி இருந்துவிடாதீர்கள். வந்த புதிதில் எனக்கு வேலை போனபோது, வாராவாரம் விருந்துக்குக் கூப்பிட்ட என் செட் ஆட்கள் போனையே எடுக்கவில்லை. கை கொடுத்தது, எனக்குப் பல வருடம் முன்னால் படித்த, முகம்கூடத் தெரியாத ஓர் அக்கா. இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதியிருக்கிறார்: தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்து வந்தவர்கள் 16.7 சதவீதம்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற ஆள்தான் உதவியிருக்கிறார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும், அவ்வளவுதான் காரணம்.

லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரிப் பக்கத்துக்குப் போனால், முன்னாள் மாணவர்களை ஊர், நிறுவனம், படிப்பு வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். உங்கள் துறை ஆளாகப் பார்த்து நாலு வரி எழுதுங்கள். வேலை கேட்காதீர்கள், வேலையைப் பற்றிக் கேளுங்கள். பரிந்துரைத்த பிறகு நீங்கள் சரியாக வேலை செய்யாவிட்டால் அவர் பெயரும் சேர்ந்து கெடும் அல்லவா? முதலில் உங்களைத் தெரிந்துகொள்ளட்டும்.

என்னைக் கேட்டால், கல்லூரியைவிடப் பழைய கம்பெனி ஆட்கள்தான் பலம். அவர்கள் உங்கள் மதிப்பெண்ணை அல்ல, வேலையைப் பார்த்தவர்கள். மெக்கின்சி போன்ற ஆலோசனை நிறுவனங்கள் விலகிப் போனவர்களுக்கென்றே தனி வலையமைப்பு நடத்துவது பாசத்தால் அல்ல. போனவர் நாளைக்கு வாடிக்கையாளராக வரலாம், திரும்பி வேலைக்கும் வரலாம். அதனால் எங்கிருந்து விலகினாலும் சண்டை போடாமல் விலகுங்கள். கடைசி நாளோடு அலுவலக மெயில் பூட்டிவிடும், அதற்குள் நண்பர்களின் சொந்த முகவரிகளை வாங்கி வையுங்கள்.

அப்புறம், நம்மவர் என்று காபிக்கு அழைத்து ஆள் சேர்க்கும் சங்கிலித் திட்டத்தை விரிக்கிற சீனியர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. ‘ரெஃபரல்’, அதாவது என் கம்பெனியில் உன்னைப் பரிந்துரைக்கிறேன், பணம் கொடு என்பவரும் உண்டு. ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

அந்த அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கு வந்த மாதிரிக் கடிதங்கள் இப்போது எனக்கு வருகின்றன. விவரமாக எழுதுகிற பிள்ளைகளுக்கு எவ்வளவு வேலை இருந்தாலும் பதில் போட்டுவிடுவேன். “சார், ஏதாவது ஓப்பனிங்?” என்று ஒற்றை வரி அனுப்புகிறவர்களுக்குப் போடுவதில்லை.