சுருண்டு கிடக்கும் டிரைலோபைட்

கேள்வி: அருங்காட்சியகத்தில் டிரைலோபைட் புதைபடிவம் ஒன்றைப் பார்த்தேன், பந்து மாதிரி சுருண்டிருந்தது. இதை வைத்து அந்தக் காலத்துக் கடலைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

பதில்: நிறையவே சொல்லலாம். சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன, நண்டு, பூச்சி போல ஓடும் கணுக்கால்களும் கொண்ட உயிரினம் இது, கடலில் மட்டுமே வாழ்ந்தது. அதனால் மலை உச்சியில் கிடைத்தாலும் அந்தப் பாறை ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்று தயங்காமல் சொல்லிவிடலாம். நீங்கள் பார்த்தது சுருண்டிருந்தது அல்லவா, ஆபத்து வந்தால் மரவட்டை போல இதுவும் சுருண்டுகொள்ளும். அந்த நிலையிலேயே கல்லாகியிருந்தால் பெரும்பாலும் சேறு திடீரென்று சரிந்து மூடியிருக்கிறது என்று அர்த்தம். தனித்தனித் துண்டுகளாகக் கிடைப்பவற்றில் நிறைய, அது வளரும்போது கழற்றிப்போட்ட ஓடுகள்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது கண்கள். கால்சைட் என்ற கனிமத்தாலான வில்லைகள் என்பதால் இன்றும் அப்படியே இருக்கின்றன. மொராக்கோவில் கிடைத்த எர்பெனோகைல் என்ற வகைக்குக் கோபுரம் போன்ற கண்கள், அதன் மேல் தொப்பி விளிம்பு மாதிரி ஒரு மறைப்பு வேறு! மேலிருந்து வரும் வெளிச்சத்தைத் தடுக்க வேண்டியிருந்தது என்றால், அது பகல் வெளிச்சம் எட்டும் கடலில் நடமாடியிருக்கிறது. கண்ணே இல்லாத வகைகளும் உண்டு, அவற்றில் பல இருட்டான ஆழத்தில் வாழ்ந்தவை.

அப்புறம் ஓலினிட் என்ற டிரைலோபைட் குடும்பம். ஸ்வீடனின் கரிய களிப்பாறைகளில் ஏராளமாகக் கிடைக்கும், ஆக்சிஜன் குறைந்த கடலடியிலும் தாக்குப்பிடித்தவை.