பாம்பன் தம்பிக்கு: நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்குங்க

தம்பி, இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து ஆறு வாரமாகியும் 71 வயது அம்மா கட்டிலை விட்டு இறங்கப் பயப்படுறாங்க, வாசல் மணலில் வாக்கர் புதையுதுன்னு எழுதியிருந்தீங்க. தொண்டியில் என் மாமியாருக்கும் இதே நிலைமைதான். படுத்தே கிடந்தால் தொடைச் சதை சீக்கிரம் வற்றிடும். வலியைவிட அதுதான் எனக்குப் பெரிய பயமா இருந்தது.

காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம்னு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் முதலில் கேட்டுக்கோங்க. அவர் சரின்னு சொன்னா, கைப்பிடி வைத்த உயரமான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையை ஊன்றி எழுந்து மெதுவா உட்காரச் சொல்லுங்க. அஞ்சு தடவை, நாளைக்கு மூணு வேளை. அது பழகியதும் சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்கலாம். நீங்க பக்கத்திலேயே நில்லுங்க. சம்மணம் போடுவதும் குந்துவதும் இப்போதைக்கு வேண்டாம்.

மணலில் நடக்கவே விடாதீங்க, வீட்டுக்குள் சிமெண்டுத் தரை போதும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தர்றாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.