நாற்பதாயிரமும் ஒரு கையெழுத்தும்

அண்ணா, வணக்கம். எனக்குக் கொடைக்கானல் மலையில் பூம்பாறை, பூண்டு வியாபாரம். நாலு மாதத்துக்கு முன்னால் வடுகபட்டி மண்டியில் கணக்கு முடித்துவிட்டு பைக்கில் மலையேறினேன். ஊத்து என்கிற ஊருக்கு மேலே ஒரு வளைவில், நல்ல மூடுபனி, இறங்கி வந்த பைக் என் பக்கம் ஏறி வந்து மோதிவிட்டது. ஓட்டியவன் கல்லூரிப் பையன், அவனுக்குத் தோள்பட்டை முறிவு. எனக்கு வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். அவன் மேல்தான். அவன் அப்பா வீட்டுக்கு வந்து அழுதார். நாற்பதாயிரம் தருகிறேன், இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார். பையன் படிப்பு கெடக்கூடாது என்று எனக்கும் இருக்கிறது. கண்ணை மூடினால் அந்த ஹெட்லைட்தான் வருகிறது. என்ன செய்ய?

அன்புள்ள தம்பி,

கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த அப்பா அழுதது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் பையன் மேல் உள்ள போலீஸ் வழக்கு வேறு, உங்களுக்கு வரவேண்டிய நஷ்டஈடு வேறு. வழக்கை நடத்துவது அரசு, நீங்கள் அதில் சாட்சி. நஷ்டஈட்டுக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போடவேண்டும், அங்கே பணம் கொடுப்பது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிதான். மனுவில் வண்டியின் சொந்தக்காரர் பெயரும் இருக்கும், அதை மறைக்காமல் அந்த அப்பாவிடமே சொல்லிவிடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். முதலில் அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று போலீஸ் காகிதத்தில் பாருங்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு புதிதாக வாங்கிய பைக் என்றால் ஐந்து வருடத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே விற்றிருப்பார்கள். காப்பீடு இல்லாவிட்டால் பாரம் அந்தக் குடும்பத்தின் மேல்தான் விழும், அப்போது விட்டுக்கொடுப்பதா என்று நீங்கள் யோசிக்கலாம். அது தெரியாமலேயே விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, அவசரம். 2022 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும். உங்களுக்கு நாலு மாதம் போய்விட்டது. வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் திண்டுக்கல்லில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். சமரசமாகவே முடிக்க ஆசை என்றால் அதற்கும் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது, அங்கே போடும் கையெழுத்துக்கு ஒரு கணக்கு உண்டு.

நான் போட்ட கையெழுத்துக்குக் கணக்கே கிடையாது. 2009-இல் பண்ணைக்காடு பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு ஜீப் என்னைத் தட்டியது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பாதி எழுதின ஒரு தாளில், பதினைந்தாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். இடது கையில் கட்டுப் போட்டிருந்ததால் தாள் பறக்காமல் டீ கிளாஸை மேலே வைத்தார்கள், அந்த ஈர வட்டம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. எட்டு மாதம் கழித்து மணிக்கட்டில் திரும்ப ஆபரேஷன். அந்தச் செலவுக்கு அம்மா வளையலை விற்றார். உங்கள் காலில் இருக்கிற கம்பியையும் ஒருநாள் எடுக்கவேண்டி வரலாம், அந்தச் செலவு இந்த நாற்பதாயிரத்தில் இருக்கிறதா என்று அந்த அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவரிடம் பதில் இருக்காது.

ஹெட்லைட் விஷயம். எனக்கு ஒன்றரை வருடம் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், வளைவில் ஹாரன் கேட்டதும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும், இல்லாத பிரேக்கைத் தேடும். டம் டம் பாறை தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிடும். பயந்தாங்கொள்ளி என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை, அதனால்தான் அவ்வளவு நாள் ஆனது என்று இப்போது நினைக்கிறேன். நீங்கள் என்னிடம் சொல்லிவிட்டீர்கள், வீட்டிலும் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. மறுபடி வண்டி எடுக்க யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள்.

பையன் மேல் இரக்கம் இருந்தால் போய்ப் பாருங்கள், தோள் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். மனுப் போட்ட பிறகும் போகலாம்.

வடுகபட்டி மண்டிச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? வருமானத்துக்கு உங்களிடம் இருக்கிற சாட்சி அதுதான். ஆஸ்பத்திரி பில், எக்ஸ்ரே, எஃப்.ஐ.ஆர். நகல் எல்லாவற்றையும் அதோடு ஒரே பையில் போட்டு, இந்த வாரமே திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறுங்கள். போய் வந்து எழுதுங்கள்.