படலைக் கொளுக்கி

அக்கா,
எனக்கு 39 வயது. சின்ன வயசில, அப்பா பின்னேரம் வந்து படலைக் கொளுக்கியைக் கழற்றுற சத்தம் கேட்டால் நானும் தம்பியும் கொப்பியோட அறைக்குள்ள ஓடுவம். பூவரசந்தடி, பெல்ட், ஒருநாள் சைக்கிள் செயின். இப்ப அவர் பாரிசவாதத்தில படுக்கை. தம்பி கனடாவில. நான்தான் பார்க்கிறன். இன்றைக்கும் அந்தக் கொளுக்கிச் சத்தத்துக்குக் கை நடுங்குது, நித்திரை இல்லை. சொந்தக்காரர் 'இடப்பெயர்வில பயந்த பிள்ளை' என்கினம். போன மாதம் மகனுக்குக் கை ஓங்கினன். அவன் ரெண்டு கையாலும் தலையைப் பொத்தினான். நானும் அப்படித்தான் பொத்துவன். அப்பாவை மன்னிக்க ஏலாமல் இருக்கு. எனக்கு விசரா அக்கா?
– பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்

அன்புத் தங்கச்சிக்கு,

உங்களுக்கு விசர் இல்லை.

எங்கள் ஊரில் எந்த மனநோவையும் போரின் கணக்கில் எழுதிவிடுகிறோம். 1995இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிய இடப்பெயர்வைக் கல்யாண வீட்டிலும் கதைக்கலாம், அப்பாவின் பெல்ட்டைக் கதைத்தால் மானம் போய்விடும். ஷெல் விழுந்தபோது பங்கருக்குள் ஓடினோம், அம்மா அணைத்துக்கொண்டார். அடிக்கிறது அப்பா என்றால் பிள்ளை எந்தப் பங்கருக்குள் ஓடும்? ஒவ்வொரு பின்னேரமும் காதைத் தீட்டிக்கொண்டு வளர்ந்த உடம்பு, அவர் படுக்கையில் விழுந்த பிறகும் அதை விடவில்லை.

சிறுவயதில் வீட்டில் கண்ட வதைகளைப் பற்றி பெலிட்டி, அண்டா என்ற இரண்டு டொக்டர்கள் குழுவாக 1998இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடி, அவமதிப்பு, வீட்டில் குடி என்று நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு மனச்சோர்வு, போதை, தற்கொலை முயற்சி போன்றவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம். 2008இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, எங்கள் வடகிழக்கின் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் கேட்டது. போரைக் கூடுதலாகக் கண்ட பிள்ளைகளே வீட்டிலும் கூடுதலாக அடி வாங்கியிருந்தார்கள். தகப்பனின் குடியும் சேர்ந்திருந்தது. உங்கள் அப்பாவும் எதையோ கண்டு உடைந்திருக்கலாம். அதற்கு உங்கள் முதுகு கடன்பட்டிருக்கவில்லை.

மன்னிக்காமலும் ஒருவருக்குக் கஞ்சி பருக்கலாம், தங்கச்சி. அதில் பாவம் இல்லை. இரவில் பார்க்கச் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைக்கத் தம்பியிடம் காசு கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், அவருக்கும் அந்தக் கொளுக்கிச் சத்தம் தெரியும்.

யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. டொக்டரிடம் இடப்பெயர்விலிருந்து தொடங்காதீர்கள். "அப்பா அடிச்சவர்" என்று தொடங்குங்கள். போக ஏலாத இரவில் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

மகனுக்கு ஓங்கிய கையைப் பற்றி அவனோடு கதைத்தீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே பக்கத்தில் இருத்தி, "அம்மா பிழை விட்டிட்டன்" என்று சொல்லுங்கள். உங்களுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.