கிறுகிறுப்பு எந்த நேரத்தில் வருகிறது?

மனநல மருத்துவரின் கேள்வி–பதில் பகுதி

கேள்வி: நான் சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கும் 41 வயது ஆசிரியை. ஏற்காட்டில் உள்ள ஒரு பள்ளிக்குத் தினமும் பேருந்தில் சென்று வருகிறேன். என் தாயார் இறந்த பிறகு வந்த மனச்சோர்வுக்கும் படபடப்புக்கும், எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி.யும் குளோனாசிபாம் 0.5 மி.கி.யும் சேர்ந்த ஒரே மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தார். ஒன்றரை ஆண்டு சாப்பிட்டு நன்றாக இருந்தேன். இனி அரை மாத்திரை போதும், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். பத்து நாள் எந்தத் தொந்தரவும் இல்லாததால், நானாகவே ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றிக்கொண்டேன். மூன்றாவது வாரம் நடக்கிறது. கண்ணைச் சட்டென்று திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் சுரீரென்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறேன், நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சென்ற ஞாயிறன்று வீட்டில் அடுப்பிலிருந்து திரும்பும்போதும் தள்ளாடிவிட்டேன். பழைய நோய் திரும்பிவிட்டதா? மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா? ஒரேயடியாக நிறுத்திவிடட்டுமா?

பதில்: செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். மாத முடிவுக்காகக் காத்திராமல், இன்றோ நாளையோ உங்கள் மருத்துவரை அழைத்து, நீங்களாகச் செய்த மாற்றத்தையும் அதன் பிறகு வந்த தொந்தரவுகளையும் சொல்லி, அவர் கடைசியாகக் குறித்துக் கொடுத்த அரை மாத்திரையையே நாள் தவறாமல் ஒரே நேரத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். என்னிடம் வருபவர்களிலும் பலர் இதைத்தான் செய்கிறார்கள். பாதிப்பேர் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இனி காரணத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, கண்ணைத் திருப்பினால் சுரீரென்கிறது என்பது. மனச்சோர்வு நோய் அப்படிச் செய்வதில்லை. இவ்வகை மாத்திரையைக் குறைக்கும்போதோ, வேளை தவறும்போதோதான் கண்ணின் பக்கவாட்டு அசைவோடு தலைக்குள் மின்னதிர்வுபோல ஒன்று வந்து போகும். கேட்கப் பயங்கரமாக இருந்தாலும், அது வலிப்பும் அன்று, பக்கவாதத்தின் தொடக்கமும் அன்று. கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பும்போது நம்மை அறியாமலேயே கண்கள் ஒருபக்கம் இழுபட்டு மறுபக்கம் தாவுகின்றன. ஏற்காடு மலைப்பாதையில் இருபது வளைவுகள் இருக்கின்றன. ஆகவே மாத்திரையால் வந்த தொந்தரவு உங்களுக்கு மலையில் பெரிதாகத் தெரிகிறது. மலை மட்டுமே காரணமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் தள்ளாடியிருக்க மாட்டீர்கள். உயரத்தால் வரும் மலைநோயோ என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம்தான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது பார்வைக்குப் பாதியாகக் குறைப்பதுபோல் தோன்றினாலும், உடம்புக்குள் நடப்பது வேறு. எஸ்சிட்டலோபிராமின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகிறது. 48 மணி நேரம் இடைவெளி விட்டால் அது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கி, மறுபடி மாத்திரை போட்டதும் ஏறுகிறது. மூளை நாள்தோறும் ஒரே அளவுக்குப் பழகியிருக்க, நீங்கள் அதை ஒருநாள் ஏற்றி மறுநாள் இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள். பரோக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போன்ற, உடலைவிட்டு இன்னும் விரைவாக வெளியேறும் மருந்துகளில் இந்தக் கூத்து மேலும் கடுமையாக இருக்கும். ஃபுளுவோக்ஸெட்டின் பல நாட்கள் உடலில் தங்குவதால் அதில் குறைவு.

அதோடு உங்கள் மாத்திரையில் இருப்பது ஒரு மருந்தன்று, இரண்டு. அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு பெயர்களும் இருக்கும். குளோனாசிபாம் வேறு குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் படபடப்பும் தூக்கமின்மையும் நடுக்கமும் வரும், அரிதாக வலிப்பும் வரலாம். பாதியாக உடைக்கும்போது இரண்டும் சேர்ந்தே குறைகின்றன என்பதால், எது எந்தத் தொந்தரவைத் தருகிறது என்று பிரித்தறிய முடிவதில்லை. ஒரே மாத்திரையில் இரண்டையும் வைத்து மாதக்கணக்கில் கொடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தொடங்குவது சுலபம், இறங்குவதுதான் பாடு. இரண்டையும் தனித்தனி மாத்திரைகளாக மாற்றி, ஒவ்வொன்றாகக் குறைக்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வியே.

அடிமையாகிவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். போதைக்காக ஏங்குவதும், அளவைக் கூட்டிக்கொண்டே போவதும், மாத்திரைக்காகப் பொய் சொல்வதும் அடிமைத்தனம். உங்களிடம் அவை இல்லை. எஸ்சிட்டலோபிராமுக்கு உடல் பழகிவிட்டது, அதனால் விடும்போது முரண்டு பிடிக்கிறது. (குளோனாசிபாமில் அடிமைப்படும் ஆபத்து உண்மையிலேயே உண்டு, அதனால்தான் அதைப் பற்றித் தனியாகச் சொன்னேன்.) நாங்கள் படித்த காலத்தில், நிறுத்தினால் வரும் தொந்தரவு ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும் என்றே கற்பித்தார்கள். பலருக்கு அப்படித்தான் போகிறது. ஆனால் சிலருக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட நீடிக்கிறது என்பதை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்கள் 2019-க்குப் பிறகு வெளிப்படையாக ஏற்றுக்கொண்டன. குறைந்த அளவுகளிலும் இம்மருந்து மூளையில் கணிசமாக வேலை செய்கிறது என்பது இதற்கு ஒரு காரணம்: 5 மி.கி.யிலேயே, மூளையில் அது போய் ஒட்டும் இடங்களில் பாதிக்கும் மேற்பட்டவை பிடிபட்டிருக்கும். 20-லிருந்து 10-க்கு இறங்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாமல், 5-லிருந்து பூஜ்ஜியத்துக்கு இறங்கும்போது பலருக்குத் தலை சுற்றுவது அதனால்தான். கடைசிப் படிகள்தாம் சிறியவையாக இருக்க வேண்டும்.

நோய் திரும்புவதற்கும் மருந்து குறைவதால் வரும் தொந்தரவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காலத்தைக் கொண்டு பார்க்கலாம். மருந்து குறைந்ததால் வருவது பெரும்பாலும் சில நாட்களுக்குள் தொடங்கும்; முன்பு நோயில் இல்லாத உடல் அறிகுறிகளான கிறுகிறுப்பு, மின்னதிர்வு, குமட்டல், தெளிவான கெட்ட கனவுகள் ஆகியவற்றோடு வரும்; பழைய அளவுக்குத் திரும்பினால் ஓரிரு நாட்களில் தணியத் தொடங்கும். நோய் திரும்புவதோ வாரங்களாக, மாதங்களாக மெல்ல வரும். எதிலும் ஈடுபாடின்மை, அதிகாலை விழிப்பு, அழுகை என்று பழைய முகத்தோடு வரும். நீங்கள் ஆசிரியை, வருகைப் பதிவேடு எழுதிப் பழகியவர். ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டு, மாத்திரை போட்ட நேரம், கிறுகிறுப்பு வந்த நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றை இரண்டு வாரம் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை போடாத நாளில் மாலை நெருங்க நெருங்க கிறுகிறுப்பு கூடுகிறதா என்பது அந்த நோட்டில் தெரிந்துவிடும்.

பேருந்தைப் பற்றி. ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள முன்பக்க இருக்கையைப் பிடித்து, வளைவில் கண்ணை மூடாமல் தொலைவில் பாதை செல்லும் திசையைப் பாருங்கள். விடைத்தாளையும் கைபேசியையும் கீழே இறங்கும்வரை பையிலேயே வைத்திருங்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். நெஞ்சு அடிக்கத் தொடங்கும்போது நாம் வேக வேகமாக மூச்சு வாங்குகிறோம். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பும், கூடுதல் கிறுகிறுப்பும் வருகின்றன. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவதை இரண்டு மூன்று வளைவுகளுக்குத் தொடர்ந்தால் அந்தப் பகுதி அடங்கும். மின்னதிர்வு அதனால் நிற்காது, ஆனால் பயம் பாதியாகும். மலையில் கிடைக்கும் புதுக் காப்பித்தூள் எவ்வளவு மணமாக இருந்தாலும், இந்த நாட்களில் காலை ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெடிக்கலில் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்: சில வகைகள் தூக்கத்தைக் கூட்டும், சில எஸ்சிட்டலோபிராமோடு சேர்ந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கலாம். தலைசுற்றல் அடங்கும்வரை ஸ்கூட்டியையும் எடுக்காதீர்கள். மயங்கி விழுந்தால், ஒரு பக்கம் கை கால் மரத்தால், பேச்சு குழறினால், காது கேட்பது திடீரெனக் குறைந்தால், மாத்திரையின் மேல் பழியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: வயது 23. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. பயத்துக்காக செர்ட்ராலின் 50 மி.கி. தொடங்கி இன்று ஐந்தாம் நாள். மாத்திரை போடுவதற்கு முன் இருந்ததைவிட இப்போதுதான் பயம் அதிகம். குமட்டல், வயிற்றுப்போக்கு, தூக்கமில்லை. "இது ஒத்துக்கல, விட்டுடுடா சாமி" என்கிறார் அம்மா. விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் அம்மாவின் கவலையில் தவறில்லை, ஆனால் முடிவுக்கு இது சீக்கிரம். இம்மருந்தின் தொந்தரவுகள் முதல் நாளிலிருந்தே வருகின்றன. நன்மை தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும், முழுப் பயன் தெரிய அதற்கும் மேலாகும். முதல் ஓரிரு வாரம் பயம் கூடுவது பலருக்கு நடப்பதே. பயநோய் உள்ளவர்களுக்கு 25 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 50-க்கு ஏற்றுவது வழக்கம் என்பதால், அளவைத் தற்காலிகமாகக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரவில் போடுகிறீர்கள் என்றால், காலை இட்லிக்குப் பின் மாற்றிக்கொள்வது தூக்கத்துக்கும் வயிற்றுக்கும் உதவலாம்.

ஆனால் 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் ஒன்று உண்டு. தொடக்கத்திலும் அளவை மாற்றும்போதும் சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் அல்லது கூடலாம். உட்கார முடியாத அளவுக்குத் தவிப்பு, தூக்கமே தேவையில்லாதது போன்ற அளவுமீறிய உற்சாகம், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஆகியவற்றுள் எது வந்தாலும் அன்றைக்கே அம்மாவிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. அவசரமென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே போய்விடுங்கள். காய்ச்சல், கடும் வியர்வை, கைகால் உதறல், குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தாலும் அப்படியே. டிரமடால் கலந்த வலி மாத்திரையையும், டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபான் கலந்த இருமல் மருந்தையும் கேட்காமல் சேர்க்காதீர்கள். பட்டறையில் பற்றவைக்கும் தீயருகே வேலையென்றால், தலைசுற்றும் நாட்களில் கொலுசுக்கு மெருகு போடும் வேலையையோ எடைபோடும் வேலையையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்காடு அருகே நாகலூரில் இருக்கும் என் அப்பாவுக்கு 70 வயது. ரத்த அழுத்தத்துக்கு வெகுநாளாகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று வாரத்துக்கு முன் எஸ்சிட்டலோபிராம் சேர்த்தார்கள். எழுந்தால் தலை சுற்றுகிறது. இரண்டு நாளாகப் பேச்சில் சற்றுத் தடுமாற்றம், கிழமை மாறிச் சொல்கிறார். சூடு என்று நினைத்து நிறையத் தண்ணீர் கொடுக்கிறேன். சரிதானா?

பதில்: தண்ணீரைக் கூட்ட வேண்டாம். முதியவர்களுக்கு இவ்விரண்டு மாத்திரைகளும் சேரும்போது ரத்தத்தில் சோடியம் என்னும் உப்புச் சத்து குறையக்கூடும். அது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் நடக்கும், கூடுதல் தண்ணீர் அதை மேலும் குறைக்கும். வீட்டில் உப்பைக் கரைத்துக் கொடுத்துச் சரிசெய்யும் விஷயமும் அன்று. கிழமை மாறிச் சொல்கிறார் என்பதால் இதை நாளைக்குத் தள்ள முடியாது. இதைப் படித்தவுடன் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சோடியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால் அழுத்த மாத்திரையின் அளவையும் பார்க்க வேண்டியிருக்கும். போகும்போது இரண்டு மாத்திரை அட்டைகளையும், மூட்டுவலிக்கென்று அவர் தனியாக ஏதேனும் வாங்கி வைத்திருந்தால் அதையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.